அம்மன் கழுத்து ராணி காசு

பழைய காசு பார்த்துச் சொல்லுகிறவன் என்று ஹட்டனில் என்னை நாலு பேருக்குத் தெரியும். அந்த நாலு பேருக்கும் சொன்னவன் நான்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கொப்பி, பேனை, போட்டோகொப்பி, அடையாள அட்டைக்குப் படம். குடும்பம் ஓடுவது அதில்தான். காசு சேர்ப்பதில் எனக்குக் கிடைத்தது மரியாதை மட்டும். அதையும் பாதி நேரம் நானே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் கிறுக்கு நுவரெலியாவில் பிடித்தது. ஏப்ரல் சீசனுக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நடைபாதையில் சாக்கை விரித்து ஒருவன் பழைய காசுகளைப் பரப்பி வைத்திருந்தான். "மாத்தயா, ஒரிஜினல் விக்டோரியா" என்று ஒரு ரூபாயை நீட்டினான். ராணியின் தலை போட்ட பெரிய வெள்ளி ரூபாய். கையில் வாங்கியதும் உள்ளங்கை சில்லென்றது. ஆஹா, இதுதான் அசல் வெள்ளியின் குணம் என்று நினைத்தேன். நுவரெலியாவில் எதைத் தொட்டாலும் உள்ளங்கை சில்லென்றுதான் இருக்கும் என்பது அந்த நேரம் புத்தியில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் தன் பள்ளிக்கூடக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். ராணி பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டாள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறதாம்.

வேறொருவனாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் தராசு ஒன்று வாங்கினேன். காந்தம் வீட்டிலேயே இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் வடிகால் கான் வெட்டும்போதும் மரக்கறித் தோட்டம் கொத்தும்போதும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் காசுகள் கிடைக்கும். ஒன்றிரண்டாக வாங்கிப் பதினொரு வெள்ளிக் காசு சேர்த்துவிட்டேன். எல்லாம் அசல், ஆனால் எல்லாம் கறுத்துப் போயிருந்தன. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குத் திருநீறு. நானும் பதினொரு காசையும் திருநீறு போட்டு அரைநாள் உட்கார்ந்து தேய்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னின. பெருமையோடு கண்டிக்கு எடுத்துப் போய்ப் பழைய பொருள் கடை முதலாளி ஒருவரிடம் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த வேலையப் பாத்தது யாரு? அந்தக் கறுப்புலதான வெலையே இருக்கு! தேச்ச காசச் சேக்குறவன் கையால தொடமாட்டான்."

"என் சம்சாரம்" என்றேன், கூசாமல்.

அது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. அதிலிருந்து வீட்டில் எது உடைந்தாலும், எது தீய்ந்தாலும், "நான்தான் தேச்சிட்டேன்னு கண்டிக்காரருக்குச் சொல்லிருங்க" என்பாள்.

இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் காசோடு கடைக்கு வரத்தான் செய்தார்கள். அசலா போலியா என்று அடுத்தவர் நம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் ஒரு போதை இருக்கிறது. கண்ணாடியைப் போட்டு ஒருதரம், எடுத்துவிட்டு ஒருதரம் பார்ப்பேன். "ம்" என்பேன். வெளியே மழையைப் பார்ப்பேன். பிறகுதான் தீர்ப்பு. பழைய பெனிக் காசில் சூலத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அதை அம்மன் என்று நம்பிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டு வந்த ஒரு மனிதருக்கு, அது வெள்ளைக்காரன் தேசத்தைப் பெண்ணாக வரைந்த படம் என்று அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காசைக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் ஒருவருக்காவது "எனக்குத் தெரியாது" என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

என் அக்கா டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் கொழுந்து எடுத்த சம்பளத்தில்தான் நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். அவளுடைய புருஷன் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவராக இருந்தவர். கோயிலில் பூட்டி வைக்க ஒரு அலுமாரி கூடக் கிடையாது. அதனால் அம்மனின் நகைப் பெட்டி அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில்தான் இருந்தது. மச்சான் தவறி மூன்று வருஷமான பின்னும் பெட்டி அக்காவிடமே இருந்தது. அதை யாரும் கேள்வியாக நினைத்ததில்லை.

பெரிய நகை ஒன்றும் இல்லை. ஒரு மூக்குத்தி, வெள்ளி ஒட்டியாணம், தாலிக் காசு ஒன்று. அந்தக் காசுக்குத்தான் மதிப்பு. எந்தக் காலத்திலோ துரை வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டு, துரைசாணி நம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பிள்ளை பிழைத்ததும் துரை தன் கையால் கொடுத்த தங்கப் பவுன் என்று சொல்வார்கள். ஒரு பக்கம் ராணியின் தலை. அது அம்மன். மறுபக்கம் குதிரையில் ஒரு ஆள். அது முனியாண்டி. வெள்ளைக்காரன் காசிலேயே நம் சாமி இரண்டும் இருப்பதில் தோட்டத்தாருக்குப் பெருமை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் காலையில் அக்கா பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுவருவாள். நகையை மஞ்சள் தண்ணீரில் கழுவுவார்கள். அக்காவின் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஒரு அம்மா காசைப் புது மஞ்சள் கயிற்றில் கோர்ப்பார். பூசாரி அம்மனுக்குக் கட்டுவார். திருவிழா முடிந்ததும் காசு மறுபடி பெட்டிக்குள் போய்விடும்.

போன வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு நானும் மனைவியும் போனோம். தேங்காய் பழம் வாங்க மறந்துவிட்டேன். சட்டைப் பையில் தராசும் கண்ணாடியும் மட்டும் மறக்காமல் இருந்தன. கோயிலுக்குப் புதுத் தலைவர், முப்பது வயதுப் பையன், மரியாதை தெரிந்தவன். நகை கழுவி வைத்திருந்த தட்டோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, காசு விஷயத்துல நீங்க பெரிய ஆளுன்னு சொல்றாங்க. நம்ம அம்மன் பவுனு இன்னைக்கு என்னா வெல பெறும்னு பாத்துச் சொல்லுங்களேன்."

கேட்க வேண்டுமா? கூட்டம் விலகி எனக்கு இடம் கொடுத்தது. தப்பு அடிக்கிறவர்கள் கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நான் காசைத் தராசில் வைத்தேன். தங்கப் பவுன் என்றால் எட்டு கிராமுக்கு ஒரு மயிரிழை குறையும். இது கோர்க்கும் வளையத்தோடு சேர்த்தே நாலைத் தொடவில்லை. நகத்தால் மஞ்சளைச் சுரண்டினேன். அடியில் பச்சைக் களிம்பு. சிமெந்துப் படியில் போட்டுச் சத்தம் கேட்டேன். டொக் என்றது. பவுன் எப்படிப் பாடும் என்று கூட்டத்துக்கு ஒரு சின்னப் பிரசங்கம் வேறு. கடைசியாகத் தலையை நிமிர்த்தி, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன்: "இது தங்கமே இல்ல. பித்தள. போலி."

எல்லோரும் காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என் திறமையில் வாயடைத்துப் போனார்கள் என்றுதான் நினைத்தேன். கூட்டத்தில் யாரோ, "அப்ப அசலு எங்க போச்சு?" என்றார்கள்.

"அத பெட்டிய வச்சிருந்தவங்ககிட்டதான் கேக்கணும்" என்றேன். பெரிய பொலிஸ் அதிகாரி என்று நினைப்பு.

பெட்டியை வைத்திருந்தது யார் என்பது, அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. ஆட்கள் எல்லோரும் என்னை விட்டு அக்கா நின்ற பக்கம் திரும்பியிருந்தார்கள். நான் குனிந்து தராசை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அக்கா அங்கே இல்லை. திறந்த பெட்டி மட்டும் படியில் இருந்தது.

தலைவராக இருந்த பையன் அந்தக் காசைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, பெட்டியையும் சாவியையும் தானே எடுத்துக்கொண்டான். அம்மனுக்கு அந்த வருஷம் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டினார்கள். யாரும் அக்காவைத் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லோரும் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "கூடப் பொறந்த தம்பியே சொல்லிட்டாரு."

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி தலவாக்கலை வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள்.

"ஒங்க அக்காவ சபையில வச்சித் திருடின்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. ரொம்ப நல்லாருக்கு."

"நான் காசப் பத்தித்தான சொன்னேன்?"

"ஆமா. காசு நடந்து போயி மாறிக்கிச்சு."

அக்கா என் போனை எடுக்கவில்லை. அவள் மகள் எடுத்து, வேலையாக இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்தப் பிள்ளைக்கு மஸ்கெலியாவில் ஒரு சம்பந்தம் பேசி, கையை நனைக்கிற அளவுக்கு வந்திருந்தது. சித்திரையில் வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். பீலிக்கு அக்கா தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே நிற்பவர்களின் பேச்சு நின்றுவிடுகிறதாம். வைகாசி கடைசியில் அக்கா, மச்சான் போனபோது கழற்றி மகளுக்கென்று வைத்திருந்த தன் தாலிப் பவுனை எடுத்துக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுத்துவிட்டாள். ஆடியில் நாள் பார்த்து அம்மனுக்குப் போடட்டும் என்று சொன்னாளாம். அதோடு வாய்கள் மூடும் என்று நினைத்தாள். திறந்துகொண்டன. எடுக்காமலா கொடுப்பாள் என்றார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. மச்சானின் வைத்தியச் செலவு நேரத்தில் அக்கா அதை மாற்றியிருப்பாளோ என்று ஒரு நாள் எனக்கே தோன்றியது. என்னைப் படிக்க வைத்தவளைப் பற்றி அப்படி நினைத்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மழைநாள் ஒன்றில் கடைக்கு ஆளில்லை. அன்று கோயிலில் என் சாமர்த்தியத்தைக் காட்ட நான் காசைப் படமும் எடுத்திருந்தேன். அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையின் தலைக்கு மேலே மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்த இடத்தில் எழுத்து இருந்தது. தங்கப் பவுனில் அந்த இடத்தில் எழுத்தே கிடையாது. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். ஹனோவர் என்று வந்தது. எடை பார்த்தேன், காசைப் போட்டுச் சத்தம் பார்த்தேன், பிரசங்கம் செய்தேன். எழுதியிருந்ததைப் படிக்க மட்டும் மறந்துவிட்டேன். கடையில் எழுத்து விற்றுப் பிழைக்கிறவன் நான்.

படத்தைக் கண்டி முதலாளிக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்தார். விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது ராணியின் சித்தப்பா ஒருவர் ஹனோவர் என்ற நாட்டுக்கு ராஜாவாகப் போனாராம். அவரைப் பிடிக்காதவர்கள் கிண்டலுக்கு அடித்த பித்தளை வில்லையாம் அது. பார்வைக்குப் பவுன் மாதிரியே இருக்கும். பிற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் சீட்டாடும்போது காசுக்குப் பதில் மேசையில் வைக்கப் பயன்படுத்தினார்கள். "தோட்டத்துத் துரைமார் கிளப்புல இது குப்பையாக் கெடந்திருக்கும்" என்றார். "மாத்துனதுமில்ல, திருடுனதுமில்ல. துரை குடுத்ததே இதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா தப்பினாள் என்ற சந்தோஷம் ஒரு பங்கு என்றால், கண்டுபிடித்தவன் நான் என்ற சந்தோஷம் இரண்டு பங்கு. கடை மிஷினிலேயே படத்தைப் பெரிதாக்கி இருபது பிரதி எடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் எல்லோரையும் கூப்பிடச் சொல்லித் தலைவருக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் அகரப்பத்தனை தாண்டும்வரை வாய்க்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கூட்டம் நன்றாகவே கூடியிருந்தது. அக்காவும் வந்து ஓரமாக நின்றாள். படங்களைக் கொடுத்தேன். ராணி, சித்தப்பா, சீட்டாட்டம் எல்லாவற்றையும் அழகாகச் சொல்லி முடித்தேன். யாரும் தலையாட்டவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் படத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, கோவிச்சிக்காதீங்க. அன்னைக்கும் நீங்க இதே மாதிரிதான் அடிச்சிச் சொன்னீங்க. அன்னைக்கி அக்கான்னு பாக்காம சொன்னீங்க, நம்பினோம். இன்னைக்கி அக்காவுக்காக வந்து சொல்றீங்க. எத நம்புறது?"

நியாயமான கேள்வி. போன தடவை என் வாயிலிருந்து வந்தது அரைகுறை, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை முழு உண்மையைக் கொண்டுவந்திருந்தேன், அதை வாங்க ஆளில்லை. இருபது பிரதியையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

அக்காவின் பக்கத்துக் காம்பரா அம்மா கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். "அந்தக் காச இப்பிடிக் குடுங்க" என்று தலைவரிடம் கையை நீட்டினார். அவன் பெட்டியைத் திறந்து கொடுத்தான். முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார். காசை அவர் பார்க்கவே இல்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் வளையத்தைத் தடவி ஒரு பக்கமாகத் திருப்பியது. கயிற்று நுனியை நாக்கில் தொட்டு, கீழிருந்து மேலே குத்தி இழுத்தார். கோர்த்தாயிற்று.

"இந்த வளையம் ஒரு பக்கம் நசுங்கிக் கெடக்கும். நேரா குத்துனா கயிறு போவாது. இப்பிடித் திருப்பித்தான் குத்தணும். கல்யாணமாகி வந்ததுல இருந்து நான் கோக்குறேன், எனக்கு முந்தி எம் மாமியா கோத்தாங்க. இது பித்தளையா தங்கமான்னு எனக்குத் தெரியாது. ஆனா இதான் அந்தக் காசு."

"அத அன்னைக்கே சொல்லக் கூடாதா?" என்றான் அந்தப் பையன்.

"என்கிட்ட யாரு கேட்டா? இவரு பாத்து முடிச்சதும் நான் கோக்க வர்றதுக்குள்ள நீ பூட்டிப்புட்டியே."

பெரியவரே காசை வாங்கிக் கயிற்றை உருவிவிட்டுத் தான் கோர்த்துப் பார்த்தார். போகவில்லை. இன்னும் இரண்டு பேர் முயன்று தோற்றார்கள்; பழகிய கைக்கு மட்டும் வழிவிடும் இது அதே பழைய காசுதான் என்று எல்லோருக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு என் படங்களுக்கும் வேலை வந்தது. "அப்ப துரைதான் அம்மனையே ஏச்சிப்புட்டானா!" என்று யாரோ சொல்ல, முற்றமே சிரித்தது. தலைவராக இருந்த பையன் அக்காவிடம் போய், "மன்னிச்சிருங்கத்தை" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அக்கா அவனிடம் கையை நீட்டினாள். "என் பவுனக் குடு" என்றாள்.

"அத்தை, அம்மனுக்குன்னு குடுத்தது..."

"அம்மனா கேட்டுச்சு? நீங்கதான் கேட்டீங்க. எம் மகளுக்கு வச்சது அது. குடு."

கொடுத்தான். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தச் செய்தி எப்போது போகும், போனாலும் திரும்பி வருவார்களா என்று அப்போது யாருக்கும் தெரியாது. நான் மிச்சப் படங்களைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

அடுப்படியில் பலகையைப் போட்டு உட்காரச் சொன்னாள். பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தொட்டுக்கொண்டு குடிக்க என் உள்ளங்கையில் சீனி வைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன பழக்கம், ஹனோவர் கதை மறுபடி வந்தது. எழுத்தை எப்படிக் கண்டுபிடித்தேன், கண்டி முதலாளி என்ன சொன்னார், எல்லாம். முடியும்வரை அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கி அந்தக் காச அவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தியேடா. ஒரு தடவயாச்சும் எம் மூஞ்சியத் திரும்பிப் பாத்தியா?"

"இல்லக்கா" என்றேன்.

அவள் விறகைத் தள்ளிவிட்டுச் சோற்றுப் பானையை அடுப்பில் ஏற்றினாள். எனக்கும் சேர்த்துத்தான் அரிசி களைந்திருந்தாள். ஐம்பது வயது தாண்டிய நான், கையில் சீனியை வைத்துக்கொண்டு அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து அழுதேன்.